யூதர் அல்லாதவர் கல்லூரியில் யூதவியல் படிக்கலாமா? என்ன சொல்லித் தருவார்கள்?

தாராளமாகப் படிக்கலாம். ரபி (யூத மதகுரு) ஆவதற்கான பயிற்சி வேறு, பல்கலைக்கழக யூதவியல் வேறு. இங்கே யாருடைய நம்பிக்கையையும் கேட்பதில்லை. 1819-ல் பெர்லினில் லியோபோல்ட் சூன்ஸ் போன்ற இளைஞர்கள் யூத நூல்களை நவீன ஆய்வு முறையில் அணுகத் தொடங்கியதன் தொடர்ச்சிதான் இந்தத் துறை.

கடினமான பகுதி மொழிதான். எபிரேயம் அடிப்படை. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதுக்கு அராமிக், கிழக்கு ஐரோப்பிய வாழ்க்கைக்கு இத்திஷ். இளநிலையில் மொழிபெயர்ப்புகளை வைத்தே நிறையப் படித்துவிடலாம், பயப்பட வேண்டாம்.

பலர் இதை யூத இன அழிப்பு வரலாறு மட்டும் என்று நினைக்கிறார்கள். அது முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்னால் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்க்கை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது கெய்ரோ கெனிசா என்ற பழைய தாள்களின் குவியல். எழுத்துள்ள தாளை எறியக்கூடாது என்று பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். திருமண ஒப்பந்தம், கடன் கணக்கு, குழந்தைகள் எழுத்துப் பழகிய தாள் என எல்லாம் அதில் கிடைத்தன. 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் உண்டு. மிளகும் இரும்பும் ஏமனின் ஏடன் துறைமுகத்துக்குக் கப்பலேறிய கதையை அவற்றில் படிக்கலாம். அப்புறம், முதல் பருவத்தில் ஒரு வரலாற்றுப் பாடத்தோடு எபிரேயத்தையும் சேர்த்தே எடுங்கள்.