பட்டத்து ராணியும் ஆளும் அரசியும்

அன்புள்ள ஐயா,

டென்மார்க்கின் இரண்டாம் மார்கரெத்தே முடி துறந்ததைப் பற்றிய கட்டுரையில் 'குவீன் ரெக்னன்ட்' என்று இருந்தது. அகராதியில் பார்த்தால் 'ஆளுகிற' என்கிறது. ராணி என்றாலே ஆளுகிறவர்தானே? தமிழில் 'பட்டத்து ராணி' எனலாமா? தோழியின் பிறந்தநாள் வாழ்த்தில் இந்தச் சொல்லைப் போடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பழைய மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நான் தடுக்கி விழுந்ததும் இதே சொல்லில்தான். அதனால் இந்தப் பதில்.

வாழ்த்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். மிடுக்கைப் பாராட்ட 'ரீகல்' இருக்கிறது. ரெக்னன்ட் பாராட்டே அல்ல, அது ஒரு பதவி நிலை. உங்கள் தோழிக்குச் சிம்மாசனம் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.

'ராணி என்றாலே ஆளுகிறவர்தானே' என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள்! ராணி என்று வரலாறு குறித்துவைத்திருக்கும் பெண்களில் பெரும்பாலோர் ராஜாவைக் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் 'குவீன் கன்சார்ட்'. இன்றைய பிரிட்டன் அரசர் சார்லஸின் மனைவி கமிலா அப்படித்தான். தன் உரிமையிலேயே அரியணை ஏறியவள் ரெக்னன்ட். விக்டோரியா, இரண்டாம் எலிசபெத் போல. ராஜாவுக்கு இந்த ஒட்டுச்சொல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அவர் மனைவி ராணியாகிவிடுவார், ராணியின் கணவர் பொதுவாக ராஜாவாவதில்லை. மார்கரெத்தேயின் கணவர் ஹென்ரிக்குக்கு இது கடைசிவரை ஆறவில்லை. தன்னை அரசன் என்று அழைக்கவில்லை என்பதால் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டாம் என்று 2017-ல் அறிவித்தார். அடுத்த ஆண்டு இறந்தார், சொன்னபடியே நடந்தது.

இப்போது 'பட்டத்து ராணி'. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பட்டத்து ராணி யார்? பல மனைவியருள் மூத்தவள், முதன்மையானவள். பட்டமகிஷியும் அவள்தான், கோப்பெருந்தேவியும் அவள்தான். பட்டம் இவளிடம், நாடு அவனிடம். நீங்கள் மொழிபெயர்க்க நினைக்கும் சொல்லுக்கு நேர் எதிரான சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள்! 'பட்டம்' என்ற ஓசையில் மயங்கி, அது யாருடைய பட்டம் என்று கேட்க மறந்துவிட்டீர்கள். 'ஆளும் அரசி' என்று எழுதினால் போதும். அலங்காரம் குறைவுதான், ஆனால் பொய் இல்லை. 'ரீஜென்ட்' வேறு, அது அரசருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொள்பவர்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் திட்டில் பாதி எனக்கு. பல வருடங்களுக்கு முன் இங்கிலாந்து வரலாறு ஒன்றை மொழிபெயர்த்தேன். முதலாம் மேரியைப் பற்றிய இடத்தில் ரெக்னன்ட் வந்தது. 'ப்ரெக்னன்ட்' என்பதில் முதல் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று நானே முடிவுகட்டி, 'கருவுற்றிருந்த அரசி' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவருக்கும் உறுத்தவில்லை. எப்படி உறுத்தும்? 1554-55-ல் மேரி கர்ப்பமாக இருப்பதாக அரண்மனையே நம்பிக் காத்திருந்தது, குழந்தைதான் பிறக்கவில்லை. வரலாறே என் பிழைக்கு முட்டுக்கொடுத்தது.

அந்தத் தைரியத்தில் முதலாம் எலிசபெத்துக்கும் அதையே போட்டேன். கடைசி மெய்ப்பை வாசித்த என் மனைவி, "கன்னி அரசின்னு நீங்கதானே மேல எழுதியிருக்கீங்க, அப்புறம் இது எப்படி?" என்று கேட்டாள். அகராதியை எடுத்தேன். எலிசபெத்தைக் காப்பாற்ற முடிந்தது. மேரி இருந்த பக்கங்கள் அதற்குள் அச்சுக்குப் போய்விட்டிருந்தன. அந்தப் பதிப்பில் அவள் இன்னும் கர்ப்பமாகத்தான் இருக்கிறாள்.