கவனக்குறைவு மருந்தை மாற்றலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, எடை 24 கிலோ. ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) என்று சொல்லி ஐந்து மாதமாக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். இப்போது வகுப்பில் உட்கார்கிறான், எழுதுகிறான். ஆனால் மதியச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. ஒன்றரை கிலோ இளைத்துவிட்டான். இரண்டு மாதமாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறான். சாயங்காலமானால் தொட்டதற்கெல்லாம் அழுகை. ஸ்டிமுலன்ட் (மெத்தில்ஃபெனிடேட் போல மூளையைத் தூண்டும்) வகையில் சேராத மருந்துகள் உண்டு, அவை பாதுகாப்பானவை என்கிறார்கள். மாற்றிவிடலாமா டாக்டர்? "எனக்கு மட்டும் எதுக்கும்மா மாத்திரை?" என்று அவன் கேட்கும்போது என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

பதில்: அம்மா, மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மாற்றுவதற்கு முன், இப்போது கொடுக்கும் மருந்தைச் சரிசெய்து பார்த்தாயிற்றா என்று கேட்பேன். "வகுப்பில் உட்கார்கிறான், எழுதுகிறான்" என்கிறீர்கள். அதாவது மருந்து கேட்கிறது. காலை உணவை வயிறார முடித்த பிறகு மாத்திரை, பசி திரும்பும் இரவு வேளையில் நிறைவான சாப்பாடு, அளவைச் சற்றுக் குறைப்பது, வேலை செய்யும் நேரம் வேறுபடும் இன்னொரு வகை மெத்தில்ஃபெனிடேட்டுக்குப் போவது என்று வழிகள் உள்ளன. மாலை அழுகை பெரும்பாலும் மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் வருவது. நேரத்தையும் அளவையும் மாற்றினாலே பல பிள்ளைகளுக்கு அது தணிகிறது. கண் சிமிட்டல் போன்ற டிக்ஸ், அதாவது தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவுகள், மருந்தே எடுக்காத பிள்ளைகளுக்கும் வரும், தானாகக் கூடும், குறையும். எனவே மருந்துதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. எடைக் குறைவு அப்படியில்லை. இந்த வயதில் ஐந்து மாதத்தில் எடை ஏற வேண்டும். ஒன்றரை கிலோ இறங்கியிருப்பதை உங்கள் மருத்துவர் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை என்றால் மாற்றுவது நியாயம்தான். ஆனால் "பாதுகாப்பானவை" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தும் அபாயம் இந்த மருந்துகளில் இல்லை. அது உண்மை. அதற்காக, மருத்துவர் சொன்ன அளவில் மெத்தில்ஃபெனிடேட் எடுக்கும் பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். மாற்று மருந்துகளுக்கும் அவற்றுக்கே உரிய பக்கவிளைவுகள் உண்டு. சராசரியாகப் பார்த்தால் கவனத்தைச் சீராக்குவதில் ஸ்டிமுலன்ட் மருந்துகளின் கை ஓங்கியே இருக்கிறது. அதனால்தான் அவற்றை முதலில் தருகிறோம்.

ஏடிஹெச்டிக்கென அனுமதி பெற்ற மாற்று மருந்துகளில் மூத்தது அடோமாக்செடின். அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்றது. மூளையில் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது. ஒருமுறை கொடுத்தால் நாள் முழுவதும் நிற்கும், ஏற்ற இறக்கம் குறைவு. எடைக்கு ஏற்பத்தான் அளவு: கிலோவுக்கு சுமார் 0.5 மில்லிகிராமில் தொடங்கி 1.2 வரை ஏற்றுவோம். 24 கிலோ பிள்ளைக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி 25 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் மனம் தளர்வது இந்த மருந்தில்தான். மெத்தில்ஃபெனிடேட் கொடுத்த அன்றே பலன் தெரிந்து பழகியவர்கள், பத்து நாளில் "ஒன்றுமே ஆகவில்லை டாக்டர்" என்று நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம் தரும், ஏனென்றால் சரியான அளவுக்கு வந்த பிறகும் முழுப்பலன் தெரிய ஆறு வாரமாவது பிடிக்கும். சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். குமட்டல், வயிற்றுவலி, தூக்கம் போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். சிரமம் முன்னால், பலன் பின்னால். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தொடங்கும் குடும்பங்கள்தான் தாக்குப்பிடிக்கின்றன. உணவோடு கொடுத்தால் குமட்டல் குறையும். கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூவக் கூடாது, அந்தத் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும். பழைய மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டியதில்லை. புதியது வேலை செய்யத் தொடங்கும்வரை மருத்துவர் மேற்பார்வையில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பிறகு பழையதை விலக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகளை மறைக்காமல் சொல்கிறேன். ஆய்வுகளில் அடோமாக்செடின் எடுத்த பிள்ளைகளில் ஆயிரத்துக்கு நான்கு பேர் அளவில் தற்கொலை எண்ணம் காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் யாரும் உயிரிழக்கவில்லை. தொடக்க மாதங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளை திடீரென ஒதுங்கினால், "செத்துப்போயிடலாம்" என்ற மாதிரிப் பேசினால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மிக அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, உடல் அரிப்பு தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

அடுத்தது குவான்ஃபசின், குளோனிடின். இரண்டும் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்துகள். மெதுவாக வெளியாகும் வடிவத்தில் குவான்ஃபசினுக்கு 2009-இலும் குளோனிடினுக்கு 2010-இலும் ஏடிஹெச்டிக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. துறுதுறுப்பு, படபடவென்ற செயல், கோபவெடிப்பு ஆகியவற்றை அடக்குவதில் நன்றாக உதவும். டிக்ஸையும் குறைக்கலாம், ஸ்டிமுலன்ட் அளவுக்குப் பசியைக் கெடுப்பதில்லை. பதிலுக்குத் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றைச் சட்டென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். வாந்திக் காய்ச்சலில் இரண்டு நாள் மாத்திரை உள்ளே தங்காமல் போனாலும் அதே ஆபத்துதான். அப்போது மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து நீங்களாகப் பழைய அளவைத் தொடர வேண்டாம்.

விலாக்சசின் ஏடிஹெச்டிக்குப் புதியது, பிள்ளைகளுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதியானது. விழுங்க முடியாதவர்களுக்கு இதன் கேப்ஸ்யூலைப் பிரித்து மென்மையான உணவில் தூவித் தரலாம். அடோமாக்செடினுக்குச் சொன்ன தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். இந்த மருந்துகள் எல்லாம் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பசி போகிறதே என்று அடோமாக்செடினுக்கு மாறினால், அங்கும் முதல் சில மாதம் பசி குறையலாம். இளைப்பும் சிமிட்டலும் சேர்ந்திருப்பதால், மெத்தில்ஃபெனிடேட்டைச் சரிசெய்தும் பலிக்காவிட்டால் என் எண்ணம் முதலில் குவான்ஃபசின் பக்கம் போகும். தனியாகவும் தரலாம். மெத்தில்ஃபெனிடேட் அளவைக் குறைத்து அதனுடன் சேர்த்தும் தரலாம். நேரில் பார்க்கும் மருத்துவருக்கு வேறு காரணங்கள் தெரியலாம், முடிவு அவருடையது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், பையன் எப்போதாவது மயங்கி விழுந்திருந்தால், வேறு மருந்து ஏதாவது எடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாடி, ரத்த அழுத்தம், எடை, உயரம் ஆகியவற்றைக் குறித்துவைக்காமல் எந்த மருந்தையும் தொடங்க வேண்டாம். வகுப்பாசிரியரிடமும் இரண்டு வரி எழுதி வாங்கிச் செல்லுங்கள்.

கடைசியாக அவன் கேட்டது. நான் இப்படிச் சொல்வேன்: "நீ கெட்ட பையன்னு மாத்திரை தரலை. உன் மூளைக்குள்ள நிறைய யோசனை ஒரே நேரத்துல ஓடிவருது. அதெல்லாம் வரிசையில நிக்க இது உதவி பண்ணுது. இது சாப்பிட்டா வயிறு வலிச்சாலோ, தூக்கம் தூக்கமா வந்தாலோ, மனசுக்கு ஒரு மாதிரி இருந்தாலோ என்கிட்ட சொல்லணும். நீ சொன்னாத்தான் டாக்டருக்குத் தெரியும்." அடுத்த முறை போகும்போது, சிமிட்டலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் டாக்டரிடம் அவனையே சொல்லவிடுங்கள்.