நேற்று வரை சக ஊழியர், இன்று அவருக்கு நான் டீம் லீடர்

கேள்வி: சில மாதங்களுக்கு முன் டீம் லீடர் ஆனேன். குழுவில் ஒருவர் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இந்தப் பொறுப்பை அவரும் எதிர்பார்த்திருந்தார். இப்போது வேலையைத் தாமதமாகத் தருகிறார், மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் குத்தலாகப் பேசுகிறார். பிரச்சினை வேண்டாம் என்று அவர் வேலையையும் இரவில் நானே முடித்துவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த இரவு வேலையை நிறுத்துங்கள். அவருடைய குத்தலைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். தாமதித்தாலும் ஒன்றும் ஆகாது என்று நீங்களே அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவருக்குத்தான் முதலில் வெறுத்துப்போகும்.

அப்புறம், அவரிடம் தனியாகப் பேசுங்கள். அமெரிக்காவில் தலைமைப் பயிற்சி தரும் 'சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்' நிறுவனம் இதற்கு ஒரு எளிய வரிசை சொல்லித்தருகிறது: சூழல், நடத்தை, விளைவு. "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "செவ்வாய்க்கிழமை வரவேண்டிய அறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது. சரிபார்க்க நேரமில்லாமல் வாடிக்கையாளரிடம் அவகாசம் கேட்க வேண்டியதாயிற்று" என்றால், அதில் மறுக்க ஒன்றுமில்லை. சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். அந்த மௌனத்தைத் தாங்காமல் தாங்களே சமாதானமும் சொல்லிவிடுவார்கள்.

பதவி கிடைக்காத வருத்தத்தையும் நீங்களே எடுத்துப் பேசலாம். "இந்தப் பொறுப்பு உங்களுக்கு வரும் என்று நினைத்திருப்பீர்கள், வருத்தம் இருக்கும்" என்றால் போதும். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அது உங்கள் முடிவு இல்லையே.

அவருக்கு முடியவில்லையா, மனமில்லையா என்பதையும் பாருங்கள். ஆளின் திறனையும் ஈடுபாட்டையும் பொறுத்துத் தலைமை தாங்கும் விதம் மாற வேண்டும் என்று மேலாண்மை அறிஞர்களான பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் 1969-லிருந்தே எழுதிவந்தார்கள். அனுபவசாலிக்கும் புதிய மென்பொருள் பிடிபடாமல் இருக்கலாம், கேட்கக் கூச்சமாக இருக்கும். அப்படியானால் பயிற்சி கொடுங்கள். மனம்தான் இல்லை என்றால், அவர் அனுபவம் உண்மையாகவே தேவைப்படும் ஒரு பகுதியை முழுதாக ஒப்படைத்து, முடிவெடுக்கும் உரிமையையும் கொடுங்கள்.

மீட்டிங்கில் குத்தினால் பதிலடி வேண்டாம். "இதைத் தனியாகப் பேசுவோம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போங்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் அவர் குறை கண்டுபிடித்தால் அது குத்தல் இல்லை. அதையும் அடக்கினால் மற்றவர்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

பேசி முடித்ததை அன்றே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்புங்கள். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சில வாரங்களில் மாற்றமே இல்லை என்றால், அந்தப் பதிவுகளோடு உங்கள் மேலாளரிடம் போகலாம். அந்த மூத்தவரிடம் பேசுவதற்கு முன்பே மேலே போனால், கோள்மூட்டியதாகவே எடுத்துக்கொள்வார். ஒரே விதிவிலக்கு: அந்தக் குத்தல் யாருடைய பாலினத்தையோ மதத்தையோ உடலையோ பற்றியது என்றால் காத்திருக்காதீர்கள், அன்றே மனிதவளத் துறைக்கு எழுதிவிடுங்கள்.