சர்வரை வெட்டுறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணே, காலேஜ்ல ஒண்ணா படிச்ச நாங்க சேர்ந்து ரெண்டு வருஷமா ஒரு மாஸ்டடான் சர்வர் நடத்துறோம், இருநூறு பேரு இருக்கோம். இப்ப வேற ஒரு தமிழ் சர்வர்ல இருக்க ஒருத்தன் எங்க ஆளுங்க போடுற ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் கீழ வந்து கட்சி பேரைச் சொல்லி அசிங்கமா திட்டுறான். பாதிப் பேரு அந்த சர்வரையே வெட்டிவிடுங்கிறாய்ங்க, மீதிப் பேரு வெட்டினா நீயும் ட்விட்டர் மொதலாளியும் ஒண்ணுதான்டாங்கிறாய்ங்க. அட்மின் நான்தான், தூக்கமே வரல. என்ன செய்ய?
- பேரு வேண்டாம், திருநகர்

பதில்: தம்பி, மொதல்ல தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடுறேன். மாஸ்டடான் பாக்க ட்விட்டர் மாதிரிதான், ஆனா ஒரே கம்பெனி கையில இல்ல. 2016ல ஜெர்மனியில யூஜென் ரோச்கோங்கிறவர் ஆரம்பிச்சது, யாரு வேணா சொந்தமா சர்வர் போடலாம், ஒரு சர்வர்ல இருந்துக்கிட்டே இன்னொரு சர்வர்ல இருக்கவங்களை பாலோ பண்ணலாம், ஜிமெயில்ல இருந்து யாஹூவுக்கு மெயில் போற மாதிரி. சஞ்சய் ஹெக்டேன்னு சுப்ரீம் கோர்ட் வக்கீல் ஒருத்தர், அவரு அக்கவுண்ட்டை ட்விட்டர் முடக்குச்சு, அந்தக் கோவத்துல 2019 நவம்பர்ல நம்ம நாட்டுல இருந்து நெறையப் பேரு அங்க போனாங்க. ஒரு மொதலாளி நெனைச்சா நம்ம வாயை அடைச்சிடலாம்ங்கிற பயத்துல தேடிப்போன எடம் அது, அதனால உங்க ஆளுங்க பாதிப் பேரு பயப்படுறதுல நியாயம் இருக்கு.

ஆனா திட்டுறது ஒருத்தன். அவன் சர்வர்ல இருக்க மத்தவங்க என்ன பண்ணாங்க? சர்வரையே சஸ்பெண்ட் பண்ணினா, அதாவது அந்த சர்வரோட தொடர்பையே மொத்தமா வெட்டினா, ரெண்டு பக்கமும் பாலோ எல்லாம் அறுந்துபோயிடும், நாளைக்கு மனசு மாறித் தடையை எடுத்தாலும் அதுவா திரும்பி வராது, ஒவ்வொருத்தரும் மறுபடி மொதல்ல இருந்து தேடிப் புடிக்கணும். அதனால அந்த ஒருத்தனை மட்டும் உங்க சர்வர்ல இருந்து தடை பண்ணுங்க, அட்மினுக்கு அந்த வசதி இருக்கு. அவன் மேல ரிப்போர்ட் போடும்போது அவன் சர்வர் அட்மினுக்கும் அனுப்புன்னு ஒரு டிக் இருக்கும், அதை மறக்காம போடுங்க. பத்து நாள் பாருங்க. அந்த அட்மின் கண்டுக்கவே இல்ல, அங்கயிருந்து இன்னும் நாலு பேரு கெளம்பி வர்றாங்கன்னா சர்வரை 'லிமிட்'ல வைங்க. அப்ப அவங்க போஸ்ட் உங்க பொது டைம்லைன்ல வராது, ஆனா ஏற்கனவே பாலோ பண்றவங்களுக்குத் தெரியும், நட்பு அறாது. அதுக்கும் அடங்கலைனாத்தான் வெட்டணும், அதையும் ஏன் எதுக்குன்னு எல்லாருக்கும் எழுதி வச்சிட்டு வெட்டணும்.

நான் தெனமும் காலையில டீ குடிக்கிறது செல்லூர்ல. தறிச் சத்தத்துக்கு நடுவுல பேப்பரைத் தாள் தாளா பிரிச்சு ஆளுக்கொண்ணா வச்சுக்கிட்டு சண்டை நடக்கும், ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்கும் ஒரு டூவீலர் மெக்கானிக்குக்கும் நான் பாக்க பதினஞ்சு வருஷமா ஒரு விஷயத்துலகூட ஒத்துப்போனதில்ல. கடைக்காரர் ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டாரு. ஆனா ஒரு நாள் மெக்கானிக் கோவத்துல வாத்தியாரோட சாதியை இழுத்துட்டாரு, கடைக்காரர் ஆத்திக்கிட்டு இருந்த டீயை அப்படியே வச்சுட்டு வந்து அவரு கையில இருந்த கிளாசை வாங்கிட்டாரு, பாதி டீ மிச்சம் இருந்துச்சு. அவரு எந்தக் கட்சின்னு கடைக்காரர் பாக்கல. மறுநாள் மெக்கானிக் வந்தாரு, டீயும் கெடைச்சுது. நீங்களும் எந்தக் கட்சின்னு பாக்காதீங்க, எப்படிப் பேசுறான்னு பாருங்க.

இது ஒண்ணும் புதுசு இல்ல தம்பி. திருநெல்வேலிப் பக்கம் மானூர்ல பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 1200 வருஷத்துப் பழசு, ஊர்ச்சபைக்கு யாரெல்லாம் வரலாம்னு விதி போட்டிருக்காங்க. அதுலயே, வர்ற ஒவ்வொரு காரியத்துக்கும் வேணும்னே கூடாது கூடாதுன்னு முட்டுக்கட்டை போடுறவனுக்கு அஞ்சு காசு தண்டம்னும் இருக்கு. மாத்துக்கருத்துக்குத் தண்டம் இல்ல, சபையை நடக்கவிடாம பண்றதுக்குத்தான் தண்டம், அதையும் எல்லாரும் பாக்குற மாதிரி கல்லுல வெட்டி வச்சாங்க. உங்க சர்வர் ரூல்ஸ் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, யாராவது படிச்சிருக்காங்களா? இன்னொண்ணு, நீங்க ஒத்தை ஆளா முடிவு பண்ணாதீங்க. உங்க அரசியலுக்கு நேர் எதிரா இருக்க ஒரு நல்ல மனுசனை உங்க கூடச் சேர்ந்து புகாரைப் பாத்து முடிவு பண்ற மாடரேட்டரா போடுங்க, அவரும் சரின்னு சொன்னா மட்டும் ஆளை நீக்குங்க. தூக்கம் வரும்.

கேள்வி: கருத்துச் சுதந்திரம்னா யாரையுமே தடுக்கக் கூடாதுல்ல சார்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பேசுறது அவரு உரிமை, காது குடுக்குறதும் குடுக்காததும் என் உரிமை. 2019ல கேப்னு ஒரு அமெரிக்கத் தளம், இனவெறிப் பேச்சுக்குப் பேர்போனது, மாஸ்டடான் சாப்ட்வேரையே எடுத்துப் போட்டுக்கிட்டு உள்ள வந்துச்சு. சாப்ட்வேர் எல்லாருக்கும் பொது, அதனால தடுக்க முடியாது. ஆனா சர்வர் சர்வரா அட்மினுங்க கதவைச் சாத்திட்டாங்க, அவங்க தங்களுக்குள்ள பேசிக்க வேண்டியதாப் போச்சு. யாரும் அவங்க வாயை அடைக்கல.

கேள்வி: பேசாம எங்க சர்வர்ல அரசியலே கூடாதுன்னு ரூல் போட்டுட்டா நிம்மதிதானே அண்ணே?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: மேலூர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்குறீங்களேம்மா. ரிசர்வ் பஞ்சாயத்துல நின்னு ஜெயிச்சு தலைவரானாருங்கிறதுக்காக உங்க பக்கத்து மேலவளவுல 1997ல முருகேசனை வெட்டிக் கொன்னாங்க, கூட இருந்தவங்களையும் விடல. அதைப் பத்தி ஒரு பொண்ணு உங்க சர்வர்ல எழுதினா அது அரசியலா, ஊர்ச்செய்தியா? யாரு முடிவு பண்ணுவா? அரசியல் கூடாதுன்னு போர்டு போட்டா ஏற்கனவே சவுகரியமா இருக்கவங்க பேச்சு அரசியலாத் தெரியாது, வலிக்குதுன்னு சொல்றவங்க பேச்சு மட்டும் அரசியலாத் தெரியும். வேணும்னா, சண்டை வரும்னு தெரிஞ்ச போஸ்ட்டுக்கு மேல எச்சரிக்கை வரி போடச் சொல்லுங்க, விருப்பம் இருக்கவங்க தட்டிப் படிப்பாங்க.

கேள்வி: எங்க அட்மின் ரெண்டு பக்கத்துத் திட்டும் வாங்கி வெறுத்துப்போய் சர்வரையே மூடப்போறேங்கிறாரு. எங்க போஸ்ட்டெல்லாம் போயிடுமா?
- ஒரு மாணவர், உசிலம்பட்டி

பதில்: வேற சர்வருக்கு மாறினா பாலோயர்கள் கூட வருவாங்க, பழைய போஸ்ட் வராது. செட்டிங்ஸ்ல போயி இன்னைக்கே டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க. மாஸ்டடான் தளத்துல பட்டியல் போட்டிருக்க சர்வருங்க மூடுறதுன்னா மூணு மாசம் முன்னாடி சொல்லணும்னு ஒரு உடன்படிக்கை இருக்கு, உங்க அட்மின்கிட்டயும் அந்த மூணு மாசம் கேளுங்க. அவரு சம்பளம் இல்லாம ராத்திரி கண் முழிச்சு உங்க சண்டையைப் படிச்சுக்கிட்டு இருக்க மனுசன். சர்வர் வாடகை எவ்வளவுன்னு இதுவரைக்கும் யாராவது அவர்கிட்ட கேட்டிருக்கீங்களா? உசிலம்பட்டிக்காரர்னா சாயங்காலம் பஸ்ஸ்டாண்டுப் பக்கம் வரச்சொல்லி நாலு பேரா போய்ப் பாருங்க, ராத்திரி ரிப்போர்ட்டை நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லுங்க.