மலட்டுப் புல்லின் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

மாடித்தோட்டத்தில் பீர்க்கையும் நுரைப்பீர்க்கையும் ஒரே பந்தலில் ஏற்றியிருக்கிறேன். விதை எடுத்தால் கலந்துவிடுமா? கலப்பு இயற்கைக்கு விரோதம், அதனால்தான் கலந்து பிறப்பவை மலடாகின்றன என்று நம்புகிறவன் நான். வீட்டில் வெள்ளைச் சீனிகூடக் கிடையாது, நாட்டுச் சர்க்கரைதான்.

க.

அன்புள்ள க.,

பீர்க்கு சாயங்காலம் மலரும், நுரைப்பீர்க்கு விடிகாலையில். என் அத்தை விளக்கேற்றிவிட்டு நேராகப் பந்தலடிக்குத்தான் போவாள், பீர்க்கம்பூ விரிவதைப் பார்க்க. அந்த நேர வித்தியாசமே பாதி வேலி. மீதிக்குப் பெண்மொட்டில் பை கட்டி, கையால் மகரந்தம் வையுங்கள். போதும்.

ஆனால் அந்த 'விரோதம்'! இதை எங்கே படித்தீர்கள்? சமீபமாக நிறையப் பேர் இதே பாட்டைப் பாடுகிறார்கள்.

இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பக்கம் கடலோரச் சேற்றில் ஸ்பார்ட்டினா என்று ஒரு புல். அமெரிக்காவிலிருந்து கப்பலோடு வந்த இனமும் உள்ளூர் இனமும் அங்கே தாமாகவே கலந்தன. 1870இல் கண்டெடுத்த அந்தக் கலப்பு நீங்கள் சொன்னபடி மலடுதான். பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள், இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தவை, ஒன்றுக்கொன்று ஜோடி சேரவில்லை. விதை இல்லை, வேரால் பரவிக்கொண்டிருந்தது. உங்கள் கணக்கில் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் அதன் குரோமோசோம் தொகுதி அப்படியே இரட்டித்தது. ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, விதை பிடித்தது. இந்தப் புதுப்புல் பழைய பெற்றோரோடு சேர்ந்தால் பிறப்பது பெரும்பாலும் மலடு. தண்டனை என்கிறீர்களே, அந்தத் தடைதான் இதைத் தனி இனமாக நிறுத்தி வைத்திருக்கிறது. பெற்றோர் கால்வைக்காத ஆழச் சேற்றிலும் இது வளர்கிறது. சேற்றைக் கட்டிப்போட மனிதர்கள் இதைச் சீனா, நியூசிலாந்து வரை கொண்டுபோனார்கள். இப்போது பிடுங்கி எறியப் படாதபாடு படுகிறார்கள். கலப்பு எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள்.

சரி, நாட்டுச் சர்க்கரை. அதன் கரும்பு அநேகமாக கோ 86032 என்ற ரகமாக இருக்கும். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சியின் வழியில் வந்தது. அங்கே முதலில் பேர் வாங்கிய கோ 205, தோட்டக் கரும்புக்கும் ஓடையோர நாணலுக்கும் பிறந்த பிள்ளை. தாய்க்கரும்பு வழக்கப்படி பாதியைத் தராமல் தன் 80 குரோமோசோம்களையும் கொடுத்தது, நாணல் தன் பாதி 32ஐக் கொடுத்தது, ஆக 112. இனிப்பு அம்மாவுடையது, தாக்குப்பிடிக்கும் குணம் நாணலுடையது. இன்றைய கரும்பு ரகங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நாணல் ரத்தம் ஓடுகிறது, உங்கள் டப்பாவில் இருப்பது உட்பட.