ராஜினாமாக் கடிதத்துக்கு முன் ஏழு மாதம்

ஐயா,

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சிஎன்சி (கணினி வழி இயங்கும் இயந்திரம்) புரோகிராமராக இருக்கும் உங்கள் மகனுக்கு 29 வயது. மாதம் 38,000 சம்பளம். வேலையை விட்டுவிட்டு ஒரு டர்னிங் (கடைசல்) மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது மற்றவர் பொருளைக் கூலிக்குக் கடைந்து தரும் வேலை, எடுக்கப் போகிறேன் என்கிறார். தாராபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கும் நீங்கள், ஓய்வுக்கால பணத்திலிருந்து 9 லட்சத்தைக் கொடுக்கலாமா, இல்லை கையைப் பிடித்துத் தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடுக்க வேண்டாம். ஆனால் இந்த மாதம் கடிதம் கொடுக்கவும் விட வேண்டாம். தம்பி இந்தக் கம்பெனியில் சேர்ந்து 4 ஆண்டு 5 மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டு வேண்டும். அவருடைய அடிப்படைச் சம்பளம் 22,000 என்பதால் கணக்கு இப்படி வரும்: 22,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 5. ஏறக்குறைய 63,000 ரூபாய். ஏழு மாதம் பொறுத்தால் வந்துவிடும், இன்று கிளம்பினால் போய்விடும். பணத்தைவிட அந்த ஏழு மாதம்தான் முக்கியம். தொழில் தொடங்கத் தேவையான வேலையில் பாதியைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம்.

இனி மெஷின் கணக்கு. கீழே உள்ள எண்கள் மாதிரிதான். தம்பி தன் கொட்டேஷன்களை வைத்து மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. புது டர்னிங் சென்டர் 18 லட்சம். கம்ப்ரஸர், ஸ்டெபிலைசர், சக் ஜா, டூல் ஹோல்டர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் எல்லாம் சேர்ந்து 4 லட்சம். ஆக 22 லட்சம். பத்து சதவீதம் கைப்பணம் போக, வங்கிக் கடன் ஏறக்குறைய 20 லட்சம். 10.5% வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை 43,000. ஷெட் வாடகை 12,000, நைட் ஷிப்ட் ஆபரேட்டர் 22,000, கரண்ட் 12,000, இன்செர்ட் (வெட்டும் முனை) கூலன்ட் ஆயில் 12,000, வண்டி வாடகை ஆடிட்டர் சில்லறை 9,000. மாதச் செலவு 1,10,000. இதில் தம்பிக்குச் சம்பளம் ஒரு பைசா கூடக் கிடையாது. பகல் ஷிப்டை அவரே ஓட்டுகிறார் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

வரவைப் பார்ப்போம். மணிக்கு 350 ரூபாய் என்று ரேட் பேசினால், 4 நிமிட சைக்கிள் டைம் (ஒரு பீஸை மெஷின் கடையும் நேரம்) உள்ள பீஸுக்கு 23 ரூபாய் சொச்சம் வரும். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். நாலு நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு 15 பீஸ் என்று பேப்பரில் எழுதிவிடுவார்கள். மெஷின் அப்படி ஓடாது. பீஸ் மாட்டிக் கழற்ற வேண்டும், இன்செர்ட் முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டு ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுக்க வேண்டும், பத்து பீஸுக்கு ஒருமுறை அளக்க வேண்டும், வேறு பீஸுக்கு மாறும்போது செட்டிங் இரண்டு மூன்று மணி நேரத்தை விழுங்கும். முக்கால் பங்கு நேரம் ஓடினாலே நல்ல கடை. அப்படியானால் மணிக்கு 11 பீஸ், வரவு 262 ரூபாய். தினம் 20 மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டினால் 1,31,000. செலவு 1,10,000 போனால் மீதி 21,000.

வேலை முழுசாக நிரம்பிய மாதத்தில்தான் இந்த 21,000. தம்பி இப்போது வாங்கும் சம்பளம் 38,000.

அப்படியென்றால் பீஸுக்கு 31 ரூபாய் கேட்கலாமே என்று தோன்றும். பக்கத்து ஷெட்டில் 23க்கு ஓட்டித் தர ஆள் இருக்கும்போது 31 யாரும் தர மாட்டார்கள். ரிஜெக்ஷன் கணக்கு வேறு இருக்கிறது. காஸ்டிங் (வார்ப்புத் துண்டு) வாடிக்கையாளருடையது, ஒரு பீஸ் ஸ்கிராப் ஆனால் அவர் 60 ரூபாய்க்கு டெபிட் நோட் போட்டுப் பில்லில் பிடித்துவிடுவார், தம்பியின் 23 ரூபாய் உழைப்பும் போகும். ஒரு பீஸ் கெட்டால் அடுத்த மூன்று நான்கு பீஸ் ஓசியில் ஓட்டியது போல.

கணக்கைச் சரிசெய்யும் ஒரு வழி, முதல் மெஷினைப் பழையதாக எடுப்பது. 8 லட்சத்தில் நல்ல செகண்ட் ஹேண்ட் மெஷின் கிடைத்து, கடன் 10 லட்சத்துக்குள் நின்றால் தவணை 21,500 ஆகும். மீதி 21,000 என்றது 42,500 ஆகிவிடும். ஆனால் பழைய மெஷினை வெறுமனே ஓடவிட்டுப் பார்த்து வாங்கக் கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பத்து பீஸ் ஓட்டி அளக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடி ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) சூடான பிறகு இன்னொரு பத்து ஓட்டி அளக்க வேண்டும். விட்டம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் மெஷினின் வயது தெரிந்துவிடும். டயல் கேஜ் வைத்து, பீஸைப் பிடிக்கும் சக்கின் ரன்அவுட்டும் (ஆட்டம்) அச்சுகளின் பேக்லாஷும் (தளர்ச்சி) பார்க்கட்டும். கன்ட்ரோலரில் அலாரம் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தால் விற்பவர் சொல்லாத கதை அதில் இருக்கும். இதெல்லாம் தம்பிக்குத் தெரிந்த வேலை. ஆசையில் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய மெஷினில் ஒரு இழப்பு உண்டு. மானியத் திட்டங்கள் பொதுவாகப் புது இயந்திரத்துக்குத்தான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையுள்ள திட்டத்துக்கு 25% மூலதன மானியமும் 3% வட்டி மானியமும் உண்டு. வயது வரம்பும் கல்வித் தகுதியும் உண்டு, முதல் தலைமுறைத் தொழில்முனைவோராக இருக்க வேண்டும். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை என்பதால் தம்பி முதல் தலைமுறைக்குள் வருவார். 22 லட்சத்துக்கு 5.5 லட்சம் மானியம் என்பது சிறிய தொகை இல்லை. இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். மானியம் கையில் கிடைக்கும் பணம் அல்ல. கடனில் கழிகிற பணம். அடுத்தது, மெஷினை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியத்துக்கு ஓடினால் கதவு மூடியிருக்கும். விண்ணப்பம், மாவட்டத் தொழில் மையத்தில் பரிசீலனை, வங்கி ஒப்புதல், அதற்குப் பிறகுதான் மெஷின். இது மாதக்கணக்கில் இழுக்கும். அந்த ஏழு மாதத்தில் முதல் வாரமே விண்ணப்பம் போக வேண்டும் என்பது இதனால்தான். நடுவில் யாராவது "சேங்ஷன் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம்" என்று வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைனில் தம்பியே போடலாம்.

எந்த மெஷினானாலும், சிறு பட்டறைகள் மூச்சுத் திணறுவது லாபம் இல்லாமல் அல்ல. பில் போட்ட நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான். மெஷின் இறங்கி, செட்டாகி, சாம்பிள் பீஸ் கொடுத்து அப்ரூவல் வாங்க இரண்டு மாதம். முதல் பில் போட்டு 60 நாள் கழித்துப் பணம். கொஞ்சம் இழுத்தால் ஐந்தாவது மாதம்தான் முதல் ரூபாய் கணக்கில் ஏறும். வங்கி ஆறு மாதம் தவணை விடுப்பு கொடுத்தால்கூட, தவணை தவிர்த்த செலவு மாதம் 67,000. ஐந்து மாதத்துக்கு 3.35 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 25,000 என்று ஒன்பது மாதத்துக்கு 2.25 லட்சம். கைப்பணம் 2.2 லட்சம். புது மெஷினுக்கு 18% ஜிஎஸ்டி 3.24 லட்சம்; இதற்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை. எல்லாம் சேர்த்தால் 11 லட்சம். 22 லட்சத் தொழிலுக்கு 2.2 லட்சம் இருந்தால் போதும் என்று நினைத்து இறங்குகிறவர்கள் ஆறாவது மாதத்தில் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவது இந்த வித்தியாசத்தினால்தான்.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜாப் ஒர்க் சேவை என்பதால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் மெஷின் பில் போடும் முன்பே பதிவு எண் கையில் இருக்க வேண்டும். அந்த எண் பில்லில் இருந்தால்தான் 3.24 லட்சமும் இன்புட் கிரெடிட்டாக, அதாவது பிறகு கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, நிற்கும். மெஷினைத் தன் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு பதிவு செய்தால், இயந்திரத்துக்குக் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது. கிரெடிட் இருந்தால், மாதம் 1.31 லட்சம் பில்லுக்கு 18% வரி என்றால் 23,600. ஏறக்குறைய 13 மாதம் கையிலிருந்து வரி கட்டாமல் ஓடும். பதினான்காவது மாதம் திடீரென்று பணமாகக் கட்ட வேண்டி வரும்போது "என்ன இந்த மாதம் மட்டும் இப்படி இடிக்கிறது" என்று திகைப்பார்கள். வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதி வரி போயாக வேண்டும். முதல் நாளிலிருந்தே வரிப்பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொல்லுங்கள்.

முதல் பில்லுக்கு முன்னால், சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவும் ஆகிவிட வேண்டும். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. உதயம் எண் இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் உள்ள வாடிக்கையாளர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. உள்ளதைச் சொன்னால், வேலை தருகிறவர் மீது புகார் கொடுத்து வட்டி வாங்கும் சின்னப் பட்டறைகள் குறைவு. ஆனால் சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டம் சொல்வதால், மார்ச் மாதத்தில் பெரிய கம்பெனி அக்கவுண்ட்ஸ்காரர்களே உதயம் எண்ணைக் கேட்டு வாங்குவார்கள். பில்லில் அச்சடித்துவிடட்டும்.

ஆர்டருக்கு வருகிறேன். மெஷினுக்கு முன்னால் வாடிக்கையாளர் வேண்டும். குறைந்தது இரண்டு பேராவது, எந்த ஒருவரும் மொத்த வேலையில் பாதிக்கு மேல் இல்லாமல். இப்போதைய கம்பெனியின் வாடிக்கையாளர்களை வேலையில் இருந்துகொண்டே அணுகக் கூடாது. அவர்கள் டிராயிங்கை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்ளவும் கூடாது. நியமனக் கடிதத்தை எடுத்து நோட்டீஸ் காலம், பாண்ட், ரகசியக் காப்பு விதிகளைப் படிக்கட்டும். "விலகிய பின் இதே தொழில் செய்யக் கூடாது" என்ற வரி இருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாது என்கிறது. ரகசியம் காக்கும் வரி அப்படியல்ல, அது பிடிக்கும். நல்ல முறையில் விலகினால், பழைய கம்பெனியே தன்னால் முடிக்க முடியாத ஓவர்ஃப்ளோ வேலையை அனுப்பும் முதல் வாடிக்கையாளர் ஆவதும் இந்த ஊரில் சகஜம்.

ஷெட் பிடிக்கும்போது வாடகையைவிட மீட்டரைப் பாருங்கள். வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டிப் பிடிபட்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரட்டைக் கட்டணம், அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் வரை பின்னோக்கிக் கூடப் போடலாம். தொழில் இணைப்பாகவே இருந்தாலும், அனுமதித்த லோடு மெஷினையும் கம்ப்ரஸரையும் சேர்த்துத் தாங்குமா என்று பழைய பில்லில் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகனுடைய கம்பெனி மருத்துவக் காப்பீட்டில்தான் நீங்களும் அம்மாவும் இருந்தால், அவருடைய கடைசி வேலை நாளோடு அதுவும் முடிந்துவிடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், காத்திருந்த காலம் கணக்கில் வரும். பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம். முந்தைய கம்பெனிக் கணக்கும் இதோடு இணைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் 9 லட்சத்துக்கு வருகிறேன். அதை மெஷினில் போடாதீர்கள். மெஷினுக்கு வங்கி இருக்கிறது, அடமானம் இல்லாத கடனுக்கு உத்தரவாதம் தரும் அரசு நிதியும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும் முன் அந்த உத்தரவாதத் திட்டத்தில் போட முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டால், மகன் கட்டாத தவணையை உங்களிடம் கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கொடுப்பதானால் 2.25 லட்சத்தை ஒன்பது மாத வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்கி, மாதம் 25,000 வீதம் கொடுங்கள். வீட்டுச் செலவுக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் தம்பி குறைந்த ரேட்டுக்குத் தலையாட்டுவார். ஜிஎஸ்டி 3.24 லட்சத்தைக் கடனாகக் கொடுக்கலாம், கிரெடிட் கழிவதால் மிச்சமாகும் பணத்திலிருந்து அவர் திருப்பித் தரட்டும். மீதியை வங்கியில் விடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். பன்னிரண்டாவது மாதம் மெஷின் தினம் 14 மணி நேரம்கூட ஓடவில்லை என்றாலோ, வரவேண்டிய பாக்கி மூன்று மாத பில்லைத் தாண்டினாலோ, இரண்டாவது மெஷின் பற்றிப் பேசக் கூடாது. இருக்கும் மெஷினை ஷிப்ட் கணக்கில் வேறொருவருக்கு ஓட்டக் கொடுத்துவிட்டு, தம்பி வேலைக்குத் திரும்பலாம். நல்ல செட்டர்-புரோகிராமருக்கு கோவையில் எப்போதும் இடம் இருக்கிறது. தொழில் தொடங்கினால் பெண் கிடைக்காது என்று அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள்; அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

அடுத்த முறை தம்பியும் வரட்டும். நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, இரண்டு மெஷின் கொட்டேஷன், அவர் ஓட்டப்போகும் ஏதாவது ஒரு பீஸின் சைக்கிள் டைமை ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதிய தாள். அந்தத் தாளில் மாட்டிக் கழற்றும் நேரமும் இருக்க வேண்டும்.