சேர்த்து வைத்த சில்லறையைத் தாளில் சுருட்டி பேங்கில் கட்டலாமா?

சுருட்டாதீர்கள். அம்மா மீன் விற்ற காசு பெயிண்ட் வாளியில் முக்கால்வாசி இருக்கிறது, வீடியோவில் பார்த்த மாதிரி ஐம்பது ஐம்பதாகத் தாளில் சுருட்டிக் கொண்டுபோனால் கீழக்கரையில் வாங்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நம் கரையில் பாதி வீட்டில் இந்த வாளியைக் கவிழ்ப்பார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது அமெரிக்க வீடியோவாக இருக்கும். அங்கே ஒரு சென்ட் காசு ஐம்பது ஒரு சுருள், கால் டாலர் நாற்பது ஒரு சுருள். ஒவ்வொரு மதிப்புக் காசும் எந்த வருடத்தில் அடித்தாலும் ஒரே விட்டம் என்பதால் அளவெடுத்த தாள்குழாய் கிடைக்கிறது. நம் ஒரு ரூபாயை எடுத்துப் பாருங்கள். பழைய ஸ்டீல் காசு 25 மில்லிமீட்டர், 2011-இல் வந்தது 22, 2019-இல் வந்தது 20. மூன்றும் இப்போது கையில் புழங்குகிறது. இதை எந்தக் குழாயில் அடுக்குவது? அதோடு, தாளுக்குள் என்ன இருக்கிறது என்று கேஷியருக்குத் தெரியாது, பிரித்துக் கொட்டித்தான் எண்ணுவார். நம் ஊர்க் காற்றுக்கு நியூஸ்பேப்பர் ஒரே வாரத்தில் நமுத்து, காசோடு ஒட்டிக்கொள்ளும்.

"எங்க கிளையில் சுருட்டியே வாங்கினாங்க" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். வாங்கியிருப்பார், தெரிந்த கேஷியராக இருந்திருக்கும்.

ரிசர்வ் பேங்க் வங்கிகளுக்குச் சொல்லியிருப்பது இதுதான்: ஒரு ரூபாய், இரண்டு ரூபாயை எடைபோட்டு வாங்குவது நல்லது, நூறு நூறாக பாலித்தீன் பையில் வந்தால் இரு தரப்புக்கும் வசதி. ஆகவே ஒரே மதிப்பு, நூறு காசு, உள்ளே தெரிகிற கவர். கருவாடு பாக்கெட் போடுகிற கட்டிக் கவர் போதும், ஆனால் புதுசு. பத்து ரூபாய் நூறு காசு முக்கால் கிலோவுக்கு மேல் வரும், மெல்லிசுக் கவர் பஸ் படியிலேயே கிழியும். வாயை ஸ்டேப்லர் அடிக்காதீர்கள், எண்ணுகிறவர் விரலில் குத்தும். முறுக்கி ரப்பர்பேண்ட் போட்டு, "5 x 100 = 500" என்று ஒரு துண்டுச்சீட்டை உள்ளே வையுங்கள்.

அதற்கு முன்னால் கழுவ வேண்டும். உள்ளூர்க்காரர்களே தப்பு செய்கிற இடம் இது. மீன் வழுவழுப்பு ஒட்டிய காசில் சுடுதண்ணீர் ஊற்றினால் அது வெந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு நாலு சொட்டு விட்டு அரைமணி ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். போர்த்தண்ணீர் வேண்டாம். நம் பக்கம் அதிலேயே உப்பு, கழுவிய காசு காயும்போது மறுபடி வெள்ளை பூக்கும். கடைசி அலசலாவது காவிரித் தண்ணீரில், இல்லை கேன் தண்ணீரில். ஸ்டீல் காசுதானே, துருப்பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். காந்தத்தில் ஒட்டுகிற வகை ஸ்டீல் அது, உப்பு பட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். பத்து ரூபாயில் இரண்டு உலோகம் சேர்கிற வட்டத்தில்தான் முதலில் பச்சையோ கறுப்போ ஏறும்.

பளபளப்பு வேண்டும் என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிடில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிட் உலோகத்தையே தின்னும். 2011 நாணயச் சட்டப்படி, சிதைந்த காசும் உரிய எடைக்குக் குறைந்த காசும் செல்லாது. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினத்திலும் பக்தர்கள் போட்டு, கடலில் கிடந்து எடுத்த கறுத்த காசு இருந்தால் தனியாக வையுங்கள். நல்ல பையில் நாலு கலந்துவிட்டால் மொத்தப் பையையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மொட்டை மாடியில் உச்சி வெயிலில் பருத்தித் துணி விரித்துக் காயவைத்து, கடற்காற்று ஏறுவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு கவரில் போட்டால் கழுவியதே வீண்.

பிரிக்க ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். ஸ்டீல் ஒன்றும் இரண்டும் ஒட்டும். மஞ்சள் ஐந்து, பழைய கனமான வெள்ளை ஐந்து, பதினொரு முனை இரண்டு ரூபாய் ஒட்டாது. பிறகு பத்துப் பத்தாக அடுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், உயரம் மாறினால் ஏதோ கலந்திருக்கிறது. ஆனால் இந்த வித்தைக்கு மாட்டாத ஒரு ஜோடி உண்டு. பழைய ஸ்டீல் ஒரு ரூபாயும் 2011 இரண்டு ரூபாயும் இரண்டுமே 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். தராசும் சொல்லாது, கையும் சொல்லாது. கண்ணால் எண்ணைப் படித்தே பிரிக்க வேண்டும். கவுன்டரில் கணக்கு உதைப்பது பெரும்பாலும் இதில்தான்.

வீட்டுத் தராசில் சரிபார்க்கிறவர்கள் முதலில் எந்த வருடத்து வகை என்று சீரிஸ் பிரியுங்கள். ஒரு ரூபாய் நூறு காசு, பழையது 485 கிராம், 2011 என்றால் 379, 2019 என்றால் 309. கலந்து போட்டால் எந்தக் கணக்கும் வராது. ஐந்தில் கனமான பழசு 900, 2011 மஞ்சள் 600, 2019 மஞ்சள் 674. பத்து ரூபாய் எப்படிக் கலந்தாலும் 771-இலிருந்து 774-க்குள். இருபது 854. அழுக்கு, தேய்மானம் இருப்பதால் ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே வரும், ஒரு காசு எடை அளவு குறைந்தால் மறுபடி எண்ணுங்கள்.

25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, ஒதுக்கிவிடுங்கள். 50 பைசா செல்லும். கடையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் காசாகக் கொடுத்தால் மறுக்கலாம், 50 பைசாவில் பத்து ரூபாய்தான் எல்லை. பேங்கில் டெபாசிட் கட்டுவதற்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. இதைச் சட்டம் பேச வைத்துக்கொள்ளுங்கள், முதல் வார்த்தையாகப் பேசாதீர்கள். பென்ஷன் வாரம், தடைக்கால நிவாரணம் ஏறுகிற நாள் எல்லாம் தவிர்த்து, முந்தின நாளே போய், "இத்தனை பை இருக்கு சார், எப்ப கொண்டு வரட்டும்" என்று கேட்டால் பாதி வேலை முடியும். பணம் கட்டுகிற சீட்டில் நாணயம் என்று ஒரு வரி இருக்கும், மொத்தத்தை அங்கே எழுதுங்கள். எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நின்று, சீல் வைத்த துண்டை வாங்கிக்கொண்டு நகருங்கள்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நாலு மணிக்கு எழுந்து ஏலக்கூடத்தில் ஐம்பது பேரோடு மல்லுக்கட்டி மனக்கணக்கில் கூடை எடுக்கிற ஆத்தா, பேங்கில் இந்தியும் இங்கிலீஷும் மட்டும் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, "தம்பி, இதை எழுதித் தா" என்று வரிசையில் நிற்கிறவனிடம் எல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தமிழ் தெரியவில்லை என்றால் காசு செல்லுமா செல்லாதா என்று கேட்கக்கூட வழியில்லை. எல்லாக் கிளையும் அப்படி என்று சொல்லவில்லை.

பத்து ரூபாய்க் காசில் பதினைந்து கோடு, பத்துக் கோடு என்று யாராவது தகராறு செய்தால், 14 வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் பேங்க் அறிவித்துவிட்டது என்று சொல்லுங்கள். கிளையே முடியாது என்றால் மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

வாளி காலியானதும் அடியில் கிடக்கிற செதிலையும் உப்பையும் கழுவிக் காயவைத்துவிட்டு அடுத்த காசைப் போடுங்கள். அன்றாடம் வருகிற காசை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசித் துடைத்துப் போட்டால் அடுத்த தடவை இந்த பிரஷ் வேலையே இருக்காது.